டிரெய்லரில் குளிர்காலம்: காலையில் ஜன்னலெல்லாம் தண்ணீர், மெத்தைக்கு அடியிலும் ஈரம்

முல்லைக்கொடி
நவம்பர் 17, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை ஓரமாக 26 அடி டிராவல் டிரெய்லரில் (வண்டியில் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) ஆகஸ்ட் மாதத்திலிருந்து குடியிருக்கிறோம். நான், கணவர், ஆறு வயது மகள். வீடு கட்டி முடிய ஏப்ரல் ஆகிவிடும். அதுவரை வாடகையும் கட்டுமானக் கடனும் சேர்த்துக் கட்ட எங்களால் முடியாது, அதனால் இந்த ஏற்பாடு.

கோடையில் ஒரு குறையும் இல்லை. அக்டோபர் கடைசியில் ஆரம்பித்தது தொல்லை. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், சட்டத்தில் தேங்கி சுவரில் வழிகிறது. போன வாரம் கிழக்கிலிருந்து அந்த வறண்ட குளிர்காற்று வீசி மைனஸ் 6 வரை போனபோது அலுமினியச் சட்டத்தில் ஐஸ் கட்டிவிட்டது. நேற்று மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை நனைந்து கிடக்கிறது. மகளின் துணி அலமாரியில் மேல் மூலையில் கறுப்புப் புள்ளிகள். அவள் சட்டைகளில் ஈர வாடை போகவே மாட்டேன் என்கிறது. அதைப் பார்த்துத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

இதுவரை செய்தது: கூரை வென்ட் (காற்றுப் போகும் திறப்பு) இரண்டிலும் பஞ்சு மெத்தை வைத்து அடைத்தோம். ஜன்னல்களில் வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ் ஷீட் வெட்டி வைத்தோம். கதவிடுக்கில் டேப். டிரெய்லரோடு வந்த கேஸ் சூடாக்கியான ஃபர்னஸ் ஓடினால் கேஸ் கரைகிறது என்பதால், ஒரு சின்ன புரொப்பேன் கேஸ் ஹீட்டர் வாங்கி இரவில் சிறு தீயில் எரிய விடுகிறோம். உள்ளே 18 டிகிரி இருக்கிறது. புதிதாக வாங்கிய ஈரப்பத மீட்டர் 74 சதவீதம் காட்டுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து அப்பா, "இன்னும் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அதையும் அடை" என்கிறார். கணவருக்குக் காலையில் எழும்போதே தலைவலி, தூக்கம் போதவில்லை போலிருக்கிறது. இன்னும் எதை அடைப்பது, எங்கே இன்சுலேஷன் போடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தொடுவானம்
நவம்பர் 17, இரவு 9:31

முல்லை, ஈரத்தைப் பிறகு பார்க்கலாம். அந்தப் புரொப்பேன் ஹீட்டரை இப்போதே அணையுங்கள். வென்ட்டில் இருக்கும் பஞ்சை எடுங்கள். இன்றிரவு ஃபர்னஸில் தூங்குங்கள்.

எல்லா வழியையும் அடைத்துவிட்டு உள்ளே தீ எரித்துக்கொண்டு தூங்குகிறீர்கள். காலைத் தலைவலி தூக்கக் குறைவாக இருக்கலாம், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாகவும் இருக்கலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. டிரெய்லரில் அலாரம் இருக்கும், பச்சை விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். கழற்றிப் பின்பக்கம் தயாரித்த தேதியைப் பாருங்கள். அந்த சென்ஸார்களுக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலானவை 5 முதல் 7 வருடம், சில 10 வருடம்.

தலைவலி வெளியே போனதும் தெளிந்து, உள்ளே வந்ததும் திரும்பினால் தாமதிக்காமல் எல்லோரும் வெளியே வந்து 911 கூப்பிடுங்கள். நான் ஆல்பர்ட்டாவில், ஃபோர்ட் மெக்மரி பக்கம் வேலைக்காக நான்கு குளிர்காலம் டிரெய்லரில் இருந்தவன். இதைப் பயமுறுத்த எழுதவில்லை.


முல்லைக்கொடி
நவம்பர் 18, காலை 7:50

அணைத்துவிட்டோம் அண்ணா. அலாரத்தின் பின்னால் 2014 என்று போட்டிருக்கிறது! பழைய டிரெய்லர், நாங்கள் யாரும் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. கணவர் வேலைக்குப் போகும் வழியில் இரண்டு புதியது வாங்கி வருகிறார். மோனாக்சைடுக்கு ஒன்று, கேஸ் கசிவுக்கு ஒன்று. இன்று தலைவலி இல்லை என்கிறார். ஒரு நாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனாலும் நேற்று நீங்கள் எழுதியதற்கு நன்றி என்ற சொல் போதாது.


தொடுவானம்
நவம்பர் 18, காலை 8:05

நல்லது. கேஸ் கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கீழேதான் தேங்கும். மோனாக்சைடு அலாரம் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.


கல்லடிப்பாலம்
நவம்பர் 18, மாலை 6:40

தங்கச்சி, தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். ரொறன்ரோவில் இருபது வருடமாக ஹீற்றிங் வேலை. கிழமை நாளில் வீடுகள், விடுமுறையில் எங்கள் சொந்த ட்ரெயிலர். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். கணக்கு விளங்கினால் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆளைக் கேட்கத் தேவையில்லை.

ஓட்டை இருப்பதால் தண்ணீர் வருகிறது என்று உங்கள் அப்பா நினைக்கிறார். மழை ஒழுக்குக்கு அது சரி. யன்னலில் நிற்கிற தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளே நீங்கள் ஆக்கிய தண்ணீர் அது. வெளியே போக வழி இல்லாததால், உள்ளேயே குளிரான இடமாகத் தேடிப் போய்ப் படிகிறது. நீங்கள் எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறீர்களோ அவ்வளவுக்கு நனையும்.

உள்ளே 18 டிகிரி, ஈரப்பதம் 74 என்றீர்கள். அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 13 டிகிரி. அதாவது ட்ரெயிலருக்குள் 13 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்த மேற்பரப்பிலும் நீர் படியும். வெளியே மைனஸ் 6 இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் கிட்டத்தட்ட 1 டிகிரிதான். அலுமினியச் சட்டம் அதிலும் குளிர். மெத்தைக்கு அடிப்பலகை, அலமாரி மூலை, சுவருக்குள் சட்டம் போகிற கோடு, திருகாணித் தலை எல்லாம் 13-க்குக் கீழே. அதனால் கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் நனைகிறது. ஈரப்பதத்தை 40-க்குக் கொண்டு வாருங்கள், பனிநிலை 4 டிகிரியாகிவிடும். கண்ணாடி அப்போதும் கொஞ்சம் வியர்க்கும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் சுவரும் மெத்தையும் அலமாரியும் தப்பிவிடும். பூஞ்சணம் வருகிற இடங்கள் அவைதானே.

இப்போது அந்த ஹீற்றர். புரொப்பேன் எரிந்தால் சூட்டோடு தண்ணீரும் வரும். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர், எரிகிற கேஸைவிடத் தண்ணீரின் எடை கூட, ஏனென்றால் காற்றிலிருந்து ஒட்சிசனையும் சேர்த்துக்கொள்கிறது. சிறு தீயில் மணிக்கு 4000 பி.டி.யு. (சூட்டின் அளவு) தருகிற ஹீற்றர் மணிக்கு 84 கிராம் கேஸ் எரிக்கும். எட்டு மணித்தியாலத்துக்கு 1.1 லீற்றர் தண்ணீர், நீராவியாக, உங்கள் படுக்கை அறைக்குள். மூன்று பேரின் மூச்சும் தோலும் இரவில் அரை லீற்றருக்கு மேல் விடும். அதைத் தடுக்க முடியாது. ஹீற்றரைத் தடுக்கலாம்.

ஃபர்னஸும் புரொப்பேன்தான் எரிக்கிறது, ஆனால் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் நீராவியையும் வெளியிலேயே விடுகிறது. உள்ளே வருவது சூடு மட்டும். கேஸ் கூடச் செலவாகும், உண்மை. அதற்குப் பதிலாகத்தான் காய்ந்த சுவர் கிடைக்கிறது. மின்சார ஹீற்றரும் ஈரம் தராது.

அடுத்தது வென்ற்றைத் திறப்பது. இதைச் சொன்னால் எல்லோரும் "சூடு போய்விடுமே" என்பார்கள். கணக்குப் பாருங்கள். உங்கள் ட்ரெயிலருக்குள் காற்று சுமார் 30 கன மீற்றர். அதில் இப்போது கன மீற்றருக்கு 11 கிராம் நீராவி இருக்கிறது. வெளியே 0 டிகிரிக் காற்றில் 4 கிராம்தான் இருக்கும். அந்தக் காற்றை உள்ளே எடுத்துச் சூடாக்கினால் அது காய்ந்த துணி மாதிரி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியே போகும். முழுக் காற்றும் ஒரு தடவை மாறினால் 200 கிராம் தண்ணீர் போய்விடும். அதைச் சூடாக்க ஆகிற செலவு? மணிக்கு ஒரு தடவை முழுக் காற்றும் மாறினாலும் 200 வாட்டுக்குக் குறைவு. ஒரு சின்ன மின்சார ஹீற்றரே 1500 வாட். இவ்வளவு சின்னச் செலவுக்குப் பயந்துதான் நிறையப் பேர் ட்ரெயிலரை அழுக விடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனம் கேட்காது, எத்தனை ட்ரெயிலரின் தரைப்பலகையை விரலால் குத்திப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே: கூரை வென்ற் ஒன்றை இரண்டு விரல் அளவுக்கு எப்போதும் திறந்து வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு யன்னலை ஒரு விரல் திறவுங்கள். காற்று ஒரு பக்கம் வந்து மற்றப் பக்கம் போக வேண்டும், ஒன்றை மட்டும் திறந்தால் பெரிதாகப் பலன் இல்லை. மீற்றரைப் பார்த்துப் பார்த்துத் திறப்பைக் கூட்டிக் குறையுங்கள். 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் போதும்.


வடக்குவாசல்
நவம்பர் 18, இரவு 10:15

கல்லடி அண்ணன் கணக்கு ஒன்டாரியோவுக்குச் சரி. இங்கே மேற்குக் கரையில் அது அப்படியே செல்லாது. நான் வான்கூவர் தீவில் மூன்று குளிர்காலம் இருந்தேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான நாள் 5 டிகிரியும் மழையும்தான். வெளிக்காற்றே 90 சதவீத ஈரம். நானும் வென்ட்டைத் திறந்துதான் வைத்திருந்தேன். உள்ளே 60-க்குக் கீழே இறங்கவே இல்லை. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபயர் மெஷின் வாங்கிய பிறகுதான் நிம்மதி வந்தது. முல்லை, அதற்குச் செலவு செய்யுங்கள்.


கல்லடிப்பாலம்
நவம்பர் 18, இரவு 10:48

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. 5 டிகிரியில் 90 சதவீதம் என்றால் கன மீற்றருக்கு 6 கிராம். அதை 18 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதம். ஆகவே மழைநாளிலும் திறந்தால் ஈரம் வெளியேதான் போகும். ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் குறைவாகப் போகும், 40-க்குக் கீழே எப்பாடுபட்டாலும் இறக்க முடியாது. எங்களுக்கு இங்கே மைனஸ் 15-ல் வெளிக்காற்றில் 1 கிராம் சொச்சம்தான், திறந்தவுடன் காய்ந்துவிடும். உங்கள் பக்கம் இரண்டும் வேண்டும், வென்ற்றும் மெசினும்.

தங்கச்சி, வாங்குவதென்றால் கம்பிரசர் உள்ளதாக வாங்குங்கள். உள்ளங்கை அளவு வைத்து 30, 40 டொலருக்கு விற்பவை நாள் முழுக்க ஓடினாலும் ஒரு குவளைத் தண்ணீர்தான் எடுக்கும். கம்பிரசர் மெசின் 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருளில் ஐஸ் கட்டும், ஆகவே உள்ளே சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இழுக்கிற மின்சாரம் முழுவதும் சூடாக உள்ளேயே நிற்கும். அதற்கு மேல், ஒவ்வொரு லீற்றர் நீராவி தண்ணீராகும்போதும் ஏறத்தாழ 0.7 யூனிற் சூடு சேர்ந்து கிடைக்கும். ஆகவே அந்த மின்சாரம் வீண் இல்லை.


உலையடுப்பு
நவம்பர் 19, மதியம் 12:20

முல்லை கண்ணு, யாரும் சமையலைப் பற்றிப் பேசவே இல்லையே. எனக்குத் தெரிந்து நம் வீட்டு டிரெய்லர்களில் பாதி ஈரம் அங்கிருந்துதான் வருகிறது. இந்த ஊர்க்காரர்கள் இதைப் பற்றி எழுதுவதெல்லாம் காபி போடுவதையும் சூப் சூடாக்குவதையும் நினைத்து. நாம் காலையில் இட்லி, மதியம் சோறு, ரசம் கொதிக்கக் கொதிக்க. இட்லிப் பானை இருபது நிமிடம் ஆவி விட்டால் அது எங்கே போகும்? கண்ணாடிக்குத்தான்.

நானும் அவரும் ஓய்வுக்குப் பிறகு ஓகனாகன் பக்கம் இரண்டு குளிர்காலம் டிரெய்லரில் இருந்தோம். முதல் வருடம் அடுப்புக்கு மேல் இருந்த அலமாரியின் அடிப்பலகை உப்பிப் பிய்ந்தே போயிற்று. அதற்கப்புறம் இப்படி மாற்றிக்கொண்டேன்:

கொதிக்க வைப்பது, ஆவியில் வேக வைப்பது எதுவாக இருந்தாலும் வெளியே. கதவுக்குப் பக்கத்தில் சின்னக் கூடாரம் போட்டு, அதற்குள் மேஜை, மின்சார ரைஸ் குக்கர். சோறும் இட்லியும் அங்கே. குக்கர் விசிலும் அங்கேதான். தாளிப்பதும் தோசையும் மட்டும் உள்ளே. தோசைக்கு அவ்வளவு ஆவி இல்லை.

உள்ளே சமைத்தால் மூடி போடாமல் எதுவும் கிடையாது. அடுப்பு மேல் ஃபேனைச் சமைப்பதற்கு முன்பே போட்டு, முடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் நிறுத்த வேண்டும். அந்த ஃபேன் நிஜமாகவே வெளியே விடுகிறதா என்று கையை வைத்துப் பார். எங்களுடையதில் வெளி மூடியின் தாழ்ப்பாள் போட்டே இருந்தது, ஒரு மாதம் தெரியாமல் ஓட்டியிருக்கிறோம். கேஸ் அடுப்புத் தீயே தண்ணீர் விடும் என்று கல்லடித் தம்பி சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும். முடிந்தால் இண்டக்ஷன் வாங்கிக்கொள். குளிருக்கு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டு உட்காராதே, அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

குளித்த பிறகு சுவரில் நிற்கும் தண்ணீரை ரப்பர் துடைப்பானால் வழித்துக் கீழே தள்ளிவிடு. அது வடிகாலில் போனால் காற்றில் ஏறாது. பாப்பாவின் மழைக்கோட்டு, பூட்ஸ் எல்லாம் குளியல் அறைக்குள்ளேயே தொங்கட்டும், கதவைச் சாத்தி மேல் ஃபேனைப் போட்டு விடு. துவைத்த துணியை உள்ளே கொடி கட்டிக் காயப் போடுகிறாயா? அதை மட்டும் சொல்லு.


முல்லைக்கொடி
நவம்பர் 19, மாலை 4:05

அக்கா, காயப் போடுகிறேன். படுக்கைக்கு மேலே கொடி கட்டி. தினமும்.

இட்லியும் தினமும்தான், மகளுக்கு வேறு எதுவும் இறங்காது. இன்றைக்கே கொடியை அவிழ்க்கிறேன். ஊருக்குள் காசு போட்டுத் துவைக்கும் கடை இருக்கிறது, அங்கே டிரையரில் காய வைத்து எடுத்து வருகிறேன்.


தொடுவானம்
நவம்பர் 19, இரவு 8:30

உலையடுப்பு அக்கா சொன்னதை நானும் இப்போதுதான் யோசிக்கிறேன், நாங்கள் வேலைத்தளத்தில் மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள்.

மெத்தை விஷயம். படுக்கைக்கு அடியில் பெட்டி வைக்கும் அறை இருக்கிறதல்லவா, அதற்குள் சூடு போவதில்லை. வெளிக்கதவு வழியாகக் குளிர் வருகிறது. மேலே உடம்புச் சூடும் வியர்வையும், கீழே சில்லென்ற பலகை. நடுவில் மெத்தை. காற்றுப் போக இடமில்லாமல் அங்கேயே தண்ணீராகிறது. மெத்தையை ஒரு அங்குலமாவது தூக்க வேண்டும். மரச்சட்டம் அடிக்கலாம், அல்லது மெத்தைக்கு அடியில் விரிக்கவே பிளாஸ்டிக் இழை வலை கிடைக்கிறது. கூடவே காலையில் போர்வையை மடித்து வைத்துப் படுக்கையை மூடாமல், ஒரு மணி நேரம் திறந்தே விடுங்கள். மெத்தையின் ஒரு பக்கத்தை நிமிர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. இப்போது ஈரமாக இருப்பதை முதலில் முழுக்கக் காய வைக்க வேண்டும், ஈரத்தின் மேல் வலை விரித்துப் பயனில்லை.

அலமாரிகளில் வெளிச்சுவரை ஒட்டித் துணியை அடுக்காதீர்கள். துணி சுவருக்குப் போர்வை மாதிரி ஆகிவிடுகிறது, உள்ளே இருக்கும் சூடு சுவரை எட்டாமல் சுவர் இன்னும் குளிர்கிறது. நாலு விரல் இடைவெளி விட்டு, இரவில் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள்.

வெள்ளிக் குமிழ் ஷீட்டிலும் இதே கதைதான். அது கண்ணாடியை இன்னும் குளிராக்குகிறது, ஓரத்தில் புகுந்த ஈரக்காற்று அதற்குப் பின்னால் தண்ணீராகித் தேங்குகிறது, பார்க்கவும் முடியாது. இரவில் வைத்தாலும் காலையில் எடுத்துத் துடைத்துவிடுங்கள். பகலுக்கு, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் விறைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஜன்னலுக்கென்றே விற்கிறார்கள். நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டினால் கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் நிற்கும் காற்றே இன்சுலேஷன். வெயில் உள்ள நாளாகப் பார்த்துக் கண்ணாடியை நன்றாகத் துடைத்து ஒட்டுங்கள். ஒன்று மட்டும்: அவசரத்தில் வெளியேறும் ஜன்னலுக்கு எதையும் ஒட்டாதீர்கள். சிவப்புக் கைப்பிடி உள்ளது அதுதான், இரவில் அது உடனே திறக்க வேண்டும்.

கறுப்புப் புள்ளிகளைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைத்துக் காய வைத்தால் போதும். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், மகளை அந்த நேரம் வெளியே அனுப்புங்கள்.


ஆற்றோரம்
நவம்பர் 21, இரவு 11:02

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஒன்டாரியோவில் சட்பரி பக்கம், தனி ஆள், 24 அடி டிரெய்லர். வாடகையில் கரண்ட் சேர்த்தி என்பதால் இரண்டு மின்சார ஹீட்டர் மட்டும் போட்டுக்கொள்கிறேன். உள்ளே நல்ல சூடு, ஈரமும் இல்லை. ஆனால் நேற்று இரவு மைனஸ் 14. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. உள்ளே 20 டிகிரி இருக்கும்போது எப்படி உறையும்?


தொடுவானம்
நவம்பர் 21, இரவு 11:20

தம்பி, இதில் மாட்டாதவர்கள் குறைவு. உங்கள் ஃபர்னஸின் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து அதை ஓட்டி நிறுத்தும் கருவி) உள்ளே 20 டிகிரி என்று பார்த்து, ஃபர்னஸை ஓட்டாமல் இருந்துவிட்டது. மின்சார ஹீட்டர் அறையைத்தான் சூடாக்கும். ஃபர்னஸ் ஓடினால்தான் சூடான காற்று தரைக்கு அடியில், குழாய்களும் தொட்டிகளும் இருக்கும் இடத்துக்குப் போகும், அதுவும் அப்படி டக்ட் (காற்றுக் குழாய்) வைத்துக் கட்டிய டிரெய்லர்களில். கடுங்குளிர் நாளில் ஹீட்டரைக் குறைத்து வைத்து, ஃபர்னஸ் அவ்வப்போது தானாக ஓடும்படி விடுங்கள்.

இப்போது உறைந்ததற்கு: சிங்க் அடியிலிருக்கும் கதவுகளைத் திறந்து ஃபர்னஸைக் கூட்டுங்கள், தேவைப்பட்டால் ஹேர் டிரையர். தீ காட்டவே கூடாது. இளகும்போது பக்கத்திலேயே இருங்கள், எங்காவது வெடித்திருந்தால் அப்போதுதான் ஒழுகும். பம்ப்பையும் குழாய் இணைப்பையும் நிறுத்தி வைத்துவிட்டு இளக்குங்கள்.

அடுத்து ஸ்கர்ட்டிங், அதாவது டிரெய்லரின் அடிப்பக்கத்தைச் சுற்றி அடைப்பது. டிரெய்லருக்கு அடியில் காற்று ஓடும் வரை என்ன சூடு கொடுத்தாலும் தரை வாங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு அங்குல ஃபோம் போர்டு வெட்டிச் சுற்றிலும் நிறுத்தி, ஓரங்களை டேப்பால் ஒட்டினால் ஒரே நாளில் தரையின் குளிர் தெரியும்படி குறையும். வைக்கோல் கட்டு அடுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஈரமும் எலியும் சேரும், தீப்பற்றவும் கூடும், எனக்கு உடன்பாடில்லை. ஃபர்னஸ் புகை வெளியேறும் துளையை எதுவும் மறைக்கக் கூடாது, பனி குவிந்தாலும் தள்ளிவிடுங்கள். ஜெனரேட்டரை ஸ்கர்ட்டிங் பக்கம் கொண்டே வராதீர்கள், புகை அடியில் புகுந்து தரை வழியாக மேலே வரும்.

கழிவுநீர் வால்வைச் சாத்தியே வையுங்கள். திறந்து விட்டால் சொட்டுச் சொட்டாகப் போய்க் குழாயிலேயே ஐஸ் மலையாகிவிடும். தொட்டி நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறங்கள்.

இரண்டு ஹீட்டர் என்கிறீர்களே, ஒவ்வொன்றும் 1500 வாட், 12.5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 25. உங்களுடையது 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மிச்சம் 5. மணிக்கணக்கில் அந்தச் சுமையில் ஓடினால் பிளக் சூடாகும். எனக்கு இரண்டாவது குளிர்காலத்தில் வெளிக்கம்பத்தில் செருகியிருந்த பிளக்கின் ஒரு முனை உருகிக் கருகிவிட்டது, நல்லவேளையாக வாசனை வந்தது. தினமும் ஒரு தடவை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் ஹீட்டர் வேண்டாம்.


ஆற்றோரம்
நவம்பர் 22, காலை 9:40

இளகிவிட்டது அண்ணா, வெடிக்கவில்லை. பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியாத சூடு. ஒரு ஹீட்டரை நிறுத்திவிட்டேன். கேஸ் நிரப்பப் போகிறேன். இங்கே மைனஸ் 35 போகும் என்கிறார்கள், சிலிண்டர் வேலை செய்யுமா?


தொடுவானம்
நவம்பர் 22, காலை 10:10

புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், ஆனால் மைனஸ் 35-ல் அழுத்தம் மிகவும் இறங்கிவிடும். ஃபர்னஸ் கேட்கும் வேகத்துக்குக் கொடுக்கத் திணறும். பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், நிறையக் கேஸ் இருக்கும் சிலிண்டர் நன்றாகக் கொடுக்கும். முடிந்தால் பெரிய டேங்க் வாடகைக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.


முல்லைக்கொடி
டிசம்பர் 9, இரவு 8:55

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டதையெல்லாம் செய்தோம்.

புரொப்பேன் ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கம்பிரசர் டீஹியூமிடிஃபயர் வாங்கினோம், முதல் மூன்று நாள் தினம் நாலு லிட்டர் எடுத்தது. அந்தத் தொட்டியைக் காலி செய்யும்போது இவ்வளவையும் சுவாசித்துக்கொண்டு படுத்திருந்தோமா என்று இருந்தது. இப்போது ஒன்றரை லிட்டர். கூரை வென்ட் இரண்டு விரல், சமையல் பக்க ஜன்னல் ஒரு விரல். மீட்டர் 44-லிருந்து 50 வரை. சமைக்கும்போது 56 போய் அரை மணியில் இறங்குகிறது.

இட்லி வெளியே. மழையில் குடை பிடித்துக்கொண்டு மூடியைத் திறக்கிறேன், ஆனால் அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரிப் பலகை இப்போது காய்ந்தே இருக்கிறது. மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் அடித்தார் கணவர். தினமும் கையை விட்டுப் பார்க்கிறேன், ஈரமில்லை. கேஸ் செலவு கூடியிருக்கிறது, வாரத்துக்கு 30 பவுண்டு எடை கேஸ் பிடிக்கும் சிலிண்டர் ஒன்று. மகளின் உடுப்பில் வாடை போய்விட்டது. கணவருக்கு அதற்கப்புறம் காலைத் தலைவலி வரவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. அதே துணி அலமாரி, அதே மேல் மூலை. துடைத்தேன், துணியை எடுத்தேன், கதவைத் திறந்து வைத்தேன். மற்ற எல்லா இடமும் காய்ந்தும் அங்கே மட்டும் மறுபடி ஈரம். என்ன செய்வது?


கல்லடிப்பாலம்
டிசம்பர் 9, இரவு 9:30

வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி. 56 போய் அரை மணித்தியாலத்தில் இறங்குகிறது என்றால் காற்றோட்டம் சரியாக வேலை செய்கிறது.

அந்த மூலைக்கு ஒரு கேள்வி. குளிரான காய்ந்த நாளில் ஈரமா, மழைக்குப் பிறகு ஈரமா? அதற்கு நேர் வெளியே, மேல் மூலையில் சின்ன மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு இருக்கிறதா?

ஒரு சோதனை செய்யுங்கள். அந்த இடத்தை நன்றாகக் காய வைத்து, ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்கை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் பிளாஸ்டிக்கின் முன்பக்கம், அறைப் பக்கம் நின்றால் அது உள்காற்று. பிளாஸ்டிக்கிற்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.


முல்லைக்கொடி
டிசம்பர் 12, காலை 8:15

பின்னால்தான் அண்ணா. நேற்று முழுக்க மழை. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் துளித்துளியாக, கீழே கோடு போட்டு வழிந்திருக்கிறது. முன்பக்கம் காய்ந்தே இருக்கிறது. நேர் வெளியே மஞ்சள் விளக்கும் இருக்கிறது. அப்பா சொன்ன ஓட்டை இந்த ஒரு இடத்தில் உண்மையாகிவிட்டது, அவரிடம் சொன்னேன்.


கல்லடிப்பாலம்
டிசம்பர் 12, மாலை 5:50

அப்பாவுக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.

அந்த விளக்குகளின் அடியில் இருக்கிற பசை பத்து வருடத்தில் காய்ந்து வெடித்துவிடும். விளக்கைக் கழற்றி, பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்து, அல்கஹோல் தொட்டுத் துடைத்துக் காய விடுங்கள். விளக்கின் அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டுகிற டேப்) சுற்றி ஒட்டித் திருகி இறுக்கினால் பிதுங்கி வரும், அதை வெட்டிவிடுங்கள். பிறகு மேல் விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் வழியாத வகை சீலன்ற் (இடுக்கை அடைக்கிற பசை) போடுங்கள். தானாகப் பரவுகிற வகை கூரையின் தட்டையான இடத்துக்கு, சுவரில் போட்டால் ஒழுகிவிடும். விளக்கின் கீழ்விளிம்பை மூட வேண்டாம், தப்பித்தவறி உள்ளே போன தண்ணீர் வெளியேற அந்த வழி வேண்டும். சுவர் ஈரமாக இருக்கும்போது எதுவும் ஒட்டாது, காய்ந்த நாளாகப் பாருங்கள். அதுவரை மேலே ஒரு பிளாஸ்டிக்கை டேப்பால் ஒட்டி மழையை விலக்குங்கள். மற்ற விளக்குகளையும் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வயது.


முல்லைக்கொடி
டிசம்பர் 14, மாலை 6:20

இன்று மழை விட்டது, வெயிலும் கொஞ்சம் வந்தது. பண்ணைக்காரர் ஏணி கொடுத்தார். திருகாணிகளைக் கழற்றியதும் பழைய பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது, ஒரு திருகாணி முழுக்கத் துரு. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தோம். முன்பக்கம் ஐந்து விளக்குகளில் இன்னும் இரண்டு அதே நிலையில் இருந்தன, அவற்றையும் மாற்றி ஒட்டிவிட்டார்.

இரவு மறுபடி மழை என்கிறார்கள். அலமாரியைக் காலி செய்து, மூலையில் காகிதத் துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் பார்த்து எழுதுகிறேன்.


முல்லைக்கொடி
டிசம்பர் 15, காலை 7:05

காகிதம் காய்ந்தே இருக்கிறது.